ஒலித்தது எது?

(பின்பாயின்டரின் பொய்க்குறிகள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலோகம் தேடும் கருவி, உலோகமே இல்லாத இடத்தில் கத்தினால் என்ன செய்வது? இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த ஒரு கேள்வியைத்தான். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இதற்கு முறையாக விடை தேடக் கற்றுக்கொண்டவர் எந்த அளவுகருவியையும் கையாளத் தகுதி பெற்றுவிடுகிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். மெட்டல் டிடெக்டரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நீண்ட தண்டின் நுனியில் தட்டுபோல ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், இருக்கும். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதை எடுத்துக்கொண்டு வயல்களிலும் கடற்கரைகளிலும் பழைய நாணயங்களையும் தங்கத் துணுக்குகளையும் தேடுவது பலருக்குப் பெரிய பொழுதுபோக்கு. ஒலித்த இடத்தைத் தோண்டுவார்கள். தோண்டிய பிறகுதான் சிக்கல் தொடங்கும். மண் அப்பிய நாணயம் மண்ணாங்கட்டியைப் போலவே இருக்கும். அது குழியின் அடியில் கிடக்கிறதா, பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அள்ளிப்போட்ட மண்ணோடு வெளியே போய்விட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்காக ஒரு சாண் நீளத்தில் ஒரு கைக்கோல் வைத்திருப்பார்கள். அதுதான் பின்பாயின்டர். அதன் நுனி உலோகத்தை நெருங்க நெருங்க ஒலியும் அதிர்வும் கூடும். அதன் எல்லை சில சென்டிமீட்டர் தூரம்தான்.

இந்தக் கோலைப் பற்றி மூன்று புகார்கள் அடிக்கடி வரும். குழி காலியாக இருந்தும் கத்துகிறது என்பது ஒன்று. மண்ணைத் தொட்டாலே கத்துகிறது என்பது இன்னொன்று. கையில் சும்மா பிடித்திருந்தாலும் கத்துகிறது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே நோயாக நினைத்து, கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் வழக்கம். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

கோலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று

கோலின் நுனிக்குள் ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் துண்டு ஒன்று இருக்கும். அதன்மேல் மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும். பல கருவிகளில் இந்தச் சுற்றுக்குள் நொடிக்குப் பன்னிரண்டாயிரம் முறை அளவுக்குத் திசை மாறி மீளும் மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் நுனியைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலம் உருவாகிறது. அந்தப் புலத்துக்குள் செம்போ வெள்ளியோ வந்தால் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து புலத்தை எதிர்த்துத் தள்ளும். இரும்பு வந்தால், அதன் காந்தத் தன்மையும் சேர்ந்து புலத்தை மாற்றும். இந்த மாற்றத்தைக் கோலுக்குள் இருக்கும் மின்னணுப் பகுதி அளக்கிறது.

எதோடு ஒப்பிட்டு அளக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். கருவியை இயக்கிய நொடியில் நுனியைச் சுற்றி என்ன நிலை இருந்ததோ, அதைத் தன் பூஜ்யமாக அது நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்தப் பூஜ்யத்திலிருந்து குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி விலகினால் ஒலிக்கிறது. மளிகைக் கடைக்காரர் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பிறகு எண்ணெய் ஊற்றுகிறாரே, அதே வேலைதான். பாத்திரத்தை மாற்றிவிட்டால் அந்தத் தராசு காட்டும் எடை எண்ணெயின் எடையாக இருக்காது.

ஆகவே கோலுக்குத் தங்கம் தெரியாது, இரும்பு தெரியாது. உலோகம் என்பதுகூடத் தெரியாது. தான் நினைவில் வைத்த நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் வேறுபாடு இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அந்த ஒரு செய்தியை அது எப்போதும் உண்மையாகவே சொல்கிறது. பொய்க்குறி என்று நாம் சொல்வதெல்லாம், நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு மாற்றம்தான்.

மாற்றம் எங்கே நிகழ்ந்தது? கருவிக்குள்ளேயே நிகழ்ந்திருக்கலாம். கருவியைச் சுற்றி நிகழ்ந்திருக்கலாம். இரண்டிலும் கோளாறு இல்லாதபோது, கருவி சொன்னதை நாம் புரிந்துகொண்ட விதத்தில் கோளாறு இருக்கலாம். பழுது தேடுபவர் போக வேண்டிய இடங்கள் இந்த மூன்றும்தான். இந்த மூன்று பிழைகளும் ஒரே மனிதரின் படுக்கையருகே, ஒரு வார இடைவெளிக்குள் நடந்தன. அந்த வரலாற்றை முதலில் சொல்கிறேன்.

ஒரு குண்டைத் தேடிய கதை

1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்லஸ் கித்தோ என்பவன் சுட்டான். ஒரு குண்டு முதுகின் வலப்பக்கம் புகுந்து உடலுக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. குண்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் மருத்துவர்களிடம் இருந்த தேடுகோலுக்கு நெலத்தோன் கோல் என்று பெயர். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒகுஸ்த் நெலத்தோன், 1862இல் இத்தாலிய வீரர் கரிபால்டியின் கணுக்காலில் இருந்த குண்டைக் கண்டறிய வடிவமைத்தது. அதன் நுனியில் மெருகிடாத பீங்கான் குமிழ் இருக்கும். ஈயத்தின்மீது உரசினால் குமிழில் கறுப்புத் தடம் விழும். எலும்பின்மீது உரசினால் விழாது. பொய்க்குறியைத் தவிர்ப்பதற்கென்றே சிந்தித்துச் செய்த கோல் அது. கார்ஃபீல்டின் காயத்தில் அதே வகைக் கோலை மருத்துவர் விலர்ட் பிளிஸ் நுழைத்தபோது, உடைந்த விலா எலும்பின் துண்டுகளுக்கிடையில் அது சிக்கிக்கொண்டது.

இந்த நிலையில்தான் டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் உதவிக்கு வந்தார். டேவிட் ஹியூஸ் 1879இல் வெளியிட்டிருந்த தூண்டல் சமநிலைக் கருவியைத் திருத்தி, உடலைத் தொடாமலே உள்ளிருக்கும் ஈயத்தைக் காட்டும்படி அமைத்தார். சமநிலையில் இருக்கும்போது டெலிபோன் அமைதியாக இருக்கும். உலோகம் அருகில் வந்தால் சமநிலை குலைந்து ஒலி கேட்கும். இன்றைய மெட்டல் டிடெக்டர்களுக்கு முன்னோடி அது.

ஜூலை 26 அன்று முதல் சோதனை. பெல் காதில் வைத்த டெலிபோனில் எதிர்பாராத ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருந்தது. கருவியின் திறனும் குறைந்திருந்தது. சோதனைக்கூடத்துக்குத் திரும்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. புதிதாகச் சேர்த்த மின்தேக்கியை அவசரத்தில் சமநிலைச் சுற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் இணைத்திருந்தார்கள். இது கருவிக்குள் நேர்ந்த பிழை.

ஆகஸ்ட் 1 அன்று இரண்டாவது சோதனை. இம்முறை கருவி சரியாக இருந்தது. ஆனால் நோயாளியின் உடலில் ஒரு பரந்த பகுதி முழுவதும் மெல்லிய ஒலி கேட்டது. ஒரு சின்னக் குண்டு அப்படி ஒலிக்காது. மறுநாள் பெல் விசாரித்தார். தலைவர் படுத்திருந்த குதிரைமுடி மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பிகளால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது என்று தெரியவந்தது. அதே போன்ற ஒன்றை வரவழைத்துச் சோதித்துப் பார்த்த பெல், ஒலி கேட்ட பரப்பு மெத்தையின் பரப்பைவிட மிகச் சிறியது என்பதால் மெத்தை காரணமாக இருக்காது என்று கருதினார். பின்னாளில் எழுதியவர்கள் பலரும் அந்தக் கம்பி மெத்தையையே காரணமாகச் சொல்கிறார்கள். எப்படியானாலும் அந்த ஒலி குண்டிலிருந்து வரவில்லை. இது சூழலில் நேர்ந்த பிழை.

மூன்றாவது பிழைதான் பெரிது. குண்டு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது என்று பிளிஸ் உறுதியாக நம்பினார். பெல்லை வலப்பக்கத்தில் மட்டுமே தேட அனுமதித்தார். அங்கே கேட்ட மங்கலான ஒலி, தன் கருத்துக்குச் சான்று என்று எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். உடலைப் பரிசோதித்தபோது குண்டு முதுகெலும்பைக் கடந்து இடப்பக்கத்தில், கணையத்துக்குப் பின்னால், பெல்லின் கருவிக்கு எட்டாத ஆழத்தில் கிடந்தது. குண்டு சென்ற வழி என்று மருத்துவர்கள் நாள்தோறும் விரலாலும் கருவியாலும் துழாவிய பாதை, சீழ் பரவி உண்டான வேறொரு பாதை. கையைக் கழுவாமல் அப்படித் துழாவியதில் பரவிய நோய்த்தொற்றே அவர் உயிரைப் பறித்தது என்று மருத்துவ வரலாறு எழுதியவர்கள் பலர் கருதுகிறார்கள்.

அந்த அறையில் இடப்பக்கத்தை ஒரே ஒரு முறை சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கும் அதே மெல்லிய ஒலி கேட்டிருந்தால், ஒலி குண்டினுடையதல்ல, படுக்கையினுடையது என்று அப்போதே சந்தேகம் எழுந்திருக்கும். பொய்க்குறியைப் பிடிப்பதற்கு இதைவிடச் சிறந்த சோதனை இன்றுவரை இல்லை. ஒலிக்கக் கூடாத இடத்தில் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும்.

பெல் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டு மான்ட்ரியாலில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் முன் இந்தச் சோதனைகளைப் பற்றி விரிவான கட்டுரை படித்தார். பிழைகளையும் மறைக்காமல் பதிவு செய்தார். டெலிபோனோடு இணைந்த ஊசி ஒன்றையும் உருவாக்கினார். அந்த ஊசி தசையைத் தொட்டாலும் எலும்பைத் தொட்டாலும் ஓசை வராது. குண்டைத் தொட்டால் மட்டும் டெலிபோனில் ஒரு சொடுக்கு கேட்கும். பின்பாயின்டர் என்ற கைக்கோலின் பரம்பரையில் அதற்கு மதிப்பான இடம் உண்டு.

முதல் விசாரணை: கருவி

இனி நம் கையில் உள்ள கோலுக்கு வருவோம். கத்தும் கோலைக் குழியிலிருந்து எடுங்கள். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். மண்வெட்டி, டிடெக்டர், செல்போன் எல்லாவற்றையும் விட்டு நாலடி தள்ளிப் போய், நுனியை வானத்தை நோக்கிப் பிடித்து, அணைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். அமைதியாக இருந்தால் பழுது பெரும்பாலும் வெளியே இருக்கிறது. அங்கேயும் கத்தினால் பழுது உள்ளே இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

உள்ளே என்றால் முதல் சந்தேகம் பேட்டரிமேல் விழ வேண்டும். பல பின்பாயின்டர்கள் ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்குபவை. பேட்டரி தளர்ந்திருக்கும்போது, ஒலிபெருக்கியும் அதிர்வு மோட்டாரும் மின்னோட்டத்தை இழுக்கிற நொடியில் மின்னழுத்தம் சரிகிறது. அந்தச் சரிவே பூஜ்யத்தை நகர்த்திவிடும். ஒலி நின்றதும் அழுத்தம் மீள்கிறது. மறுபடி ஒலிக்கிறது. இப்படி அறுந்து அறுந்து கத்தினால் புதிய அல்கலைன் பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரி முனைகளில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் துடையுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைத் தாண்டி ஈரம் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் வெப்பநிலை. ஃபெரைட்டின் காந்தப் பண்பு வெப்பத்தோடு மாறும். வெயிலில் கிடந்த கோலைக் குளிர்ந்த ஈரமண்ணுக்குள் சொருகினால் நுனி விரைவாகக் குளிர்கிறது. அதன் பூஜ்யம் நகர்கிறது. சில நிமிடம் பொறுத்து, மீண்டும் இயக்கினால் சரியாகிவிடும். காலையில் ஒழுங்காக இருந்து நண்பகலில் கத்தும் கோல்களில் பலவற்றுக்கு வேறு நோயே கிடையாது.

மூன்றாவது சந்தேகம் உடைப்பு. ஃபெரைட் கடினமானது, ஆனால் பீங்கானைப்போல் நொறுங்கக்கூடியது. கோலைக் கடப்பாரையாக நினைத்து மண்ணைக் குத்திக் கிளறுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். உள்ளே மயிரிழை விரிசல் விழுந்தால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் விரிசலின் இடைவெளி மாறும், காயிலின் மதிப்பும் மாறும். காற்றில் பிடித்தபடி, மரக்குச்சியால் நுனியை மெல்லத் தட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்திப் பாருங்கள். தட்டும்போதெல்லாம் கத்தினால், விரிசலோ தளர்ந்த கம்பியோ இருக்கிறது. இது அமைப்புகளை மாற்றிச் சரிசெய்யக்கூடிய பழுதல்ல. தயாரித்தவரிடமோ பழுது பார்ப்பவரிடமோதான் போக வேண்டும்.

இரண்டாவது விசாரணை: சூழல்

காற்றில் அமைதியாக இருந்த கோல் குழிக்குள் கத்துகிறது என்றால், சூழலை விசாரிக்க வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு ஒலி நின்றது என்று மகிழ்ந்தால், எதனால் நின்றது என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில் நம் உடம்பு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், எஃகு மூடி வைத்த பாதுகாப்புக் காலணி, முழங்கால் அருகே குத்தி வைத்திருக்கும் மண்வெட்டி எல்லாமே உலோகம். கோலின் நுனி மட்டுமல்ல, நுனியை ஒட்டிய பக்கப் பகுதியும் சுற்றிலும் உணரும். மண்ணாங்கட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் கோலை நீட்டும்போது, கோல் சொல்வது கட்டிக்குள் இருப்பதையா, விரலில் இருக்கும் மோதிரத்தையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மின்காந்த இடையூறு. பக்கத்தில் தரையில் கிடக்கும் மெட்டல் டிடெக்டரும் காந்தப்புலத்தை வீசிக்கொண்டேயிருக்கும் கருவி. இரண்டின் அதிர்வெண்களும் நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று கலைக்கும். தட்டை அப்பால் தள்ளி வைத்தாலோ, டிடெக்டரின் அதிர்வெண்ணை மாற்றினாலோ, அதை அணைத்தாலோ விடை கிடைக்கும். உயரழுத்த மின்கம்பிகளும் செல்போனும் சில கருவிகளைக் கலைக்கும். இங்கிலாந்து மேய்ச்சல் நிலங்களில் மாடுகளுக்காகக் கட்டிய மின்வேலி ஏறக்குறைய நொடிக்கு ஒரு துடிப்பை அனுப்பும். கோல் தாளம் தவறாமல் ஒலித்தால் மண்ணைப் பார்க்காதீர்கள், வேலியைப் பாருங்கள்.

பிறகுதான் மண். மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இரும்பு ஆக்சைடுகள் நிறைந்த மண், குறிப்பாக மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற கனிமங்கள் உள்ள மண், தானே காந்தப்புலத்தை மாற்றும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தங்க வயல்களில் தேடுபவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. மண்ணுக்கேற்பச் சமன்செய்யும் வசதி இல்லாத கருவி அங்கே ஓயாமல் கத்தும். சுற்றியுள்ள மண்ணைவிடக் கனிமம் மிகுந்த ஒரு கல் கிடந்தால், கருவி அதை உலோகம் என்றே காட்டும். நெருப்பு எரிந்த இடமும் அப்படித்தான். கடுமையான வெப்பம், மண்ணின் இரும்புக் கனிமங்களைக் கூடுதல் காந்தத் தன்மை கொண்டவையாக மாற்றிவிடும். பழைய அடுப்புகளும் சூளைகளும் இருந்த இடங்களைத் தொல்லியலாளர்கள் இந்தப் பண்பை வைத்தே மண்ணைத் தோண்டாமல் கண்டறிகிறார்கள். ஒருவருக்குப் பொய்க்குறி, இன்னொருவருக்கு ஆய்வுச் சான்று.

கடற்கரையில் காரணம் வேறு. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அதற்குள்ளும் சுழல் மின்னோட்டம் எழும். உலர்ந்த மணலில் பூஜ்யம் வைத்துக்கொண்ட கோலை அலை நனைத்த மணலுக்குள் விட்டால், அது ஒலிப்பதில் வியப்பில்லை.

மண்ணுக்கும் உப்புநீருக்கும் மருந்து ஒன்றுதான். பூஜ்யத்தை அந்த இடத்திலேயே வையுங்கள். உலோகம் இல்லை என்று உறுதியான மண்ணில், குழிக்குச் சற்றுத் தள்ளி, நுனியைத் தொட வைத்துக் கருவியை மறுபடி சமன்செய்யுங்கள். கேரட் நிறுவனத்தின் புரோ-பாயின்டர் ஏ.டி. போன்ற கோல்களில் பொத்தானை ஒரு முறை விரைவாக அழுத்தி விட்டாலே இது நடந்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. உலோகத்துக்கு அருகில் நுனியை வைத்துக்கொண்டு சமன்செய்தால், அந்த உலோகத்தையே கோல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அதே நாணயம் நுனியின் கீழே இருந்தும் அது வாய் திறக்காது. தேர்ந்தவர்கள் ஒலி பெரிதாகப் பரவும்போது இதையே வேண்டுமென்று செய்து, எல்லையைச் சுருக்கி, பொருளின் நடுவைப் பிடிப்பார்கள். தெரியாமல் செய்பவர்கள் பொருளை இழப்பார்கள்.

அதன் பிறகும் கத்தினால் உணர்திறனை ஒரு படி குறைக்கலாம். ஆனால் அதைக் கடைசியாகச் செய்யுங்கள். முதலிலேயே உணர்திறனைக் குறைப்பவர் காரணத்தை அறியாமல் ஒலியை மட்டும் அடக்குகிறார். குறைத்த பிறகு, ஒரு நாணயத்தை மண்ணின்மேல் வைத்து எவ்வளவு தூரத்தில் கோல் உணர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தேட வேண்டும். எதை விலையாகக் கொடுத்து இந்த அமைதியை வாங்கினோம் என்பது அப்போது தெரியும்.

மூன்றாவது விசாரணை: நம் முடிவு

கருவியும் சரி, சூழலும் சரி. ஆனாலும் குழி காலி. இங்கே நிதானம் வேண்டும். துருப்பிடித்த ஆணியை எடுத்த பிறகும் அதன் துரு மண்ணில் ஊறியிருக்கலாம். தகடு ஒன்று அரிசி மணி அளவுக்கு உதிர்ந்து மண்ணோடு கலந்திருக்கலாம். மண்வெட்டியின் விளிம்பிலிருந்தே ஒரு துணுக்கு உடைந்து குழிக்குள் விழுந்திருக்கலாம். கோல் இவற்றைச் சொல்கிறது. நாம் நாணயத்தைத் தேடுவதால் இவற்றைப் பொய் என்கிறோம்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. ஒழுங்கில்லாத ஒலி எல்லாமே குப்பை என்று ஒதுக்குவது. 2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகில் தேடிக்கொண்டிருந்த டேவ் கிரிஸ்ப் என்பவருக்கு வழக்கமில்லாத ஒரு ஒலி கேட்டது. அவர் ஒதுக்கவில்லை, தோண்டினார். ஒரு பானையின் வாயும் நாணயங்களும் தெரிந்தன. அந்த இடத்தில் அவர் தோண்டுவதை நிறுத்தினார். குழியை மூடிவிட்டுத் தொல்லியலாளர்களுக்குச் சொன்னார். அவர்கள் அடுக்கடுக்காகப் பானையைத் திறந்தபோது ரோமர் காலத்து நாணயங்கள் 52,503 கிடைத்தன. அவர் நிறுத்தியதால்தான் எந்த நாணயம் எந்த அடுக்கில் இருந்தது என்ற செய்தி வரலாற்றுக்குக் கிடைத்தது. கருவி ஒலிப்பதைக் கேட்கத் தெரிவது போலவே, ஒலித்த பிறகு கையை எடுத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கு உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். மண்ணடுக்கு ஒருமுறை கலைந்தால் அதை மறுபடி அடுக்க எந்தக் கருவியாலும் முடியாது. கோலை வாங்கும் இளைஞர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒலியை அடக்க முடியாதவர்கள்

பொழுதுபோக்குக்காகத் தேடுபவர் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளலாம், சலித்தால் வீட்டுக்குப் போகலாம். அப்படிச் செய்ய முடியாத மனிதர்கள் நமக்கு மிக அருகில் இருக்கிறார்கள். இலங்கையின் வடக்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, முகமாலைப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி போருக்குப் பிறகும் பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. அந்தப் பணியில் தமிழ்ப் பெண்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் அவர்களில் உண்டு.

அங்கே கருவி ஒலித்தால் அது ஆணியாக இருக்கலாம், தோட்டாக் கூடாக இருக்கலாம், குண்டுச் சிதறலாக இருக்கலாம். ஆனால் வேறொன்று என்று நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொரு ஒலியும் கண்ணிவெடியாகவே கொள்ளப்படும். பிளாஸ்டிக் உறைக்குள் மிகச் சிறிதளவே உலோகம் வைத்த வெடிகளும் உண்டு என்பதால், தொல்லையாக இருக்கிறது என்று உணர்திறனைக் குறைக்க அவர்களுக்கு வழியில்லை. ஆகவே வேலை தொடங்குமுன் கருவியை மாதிரித் துண்டு ஒன்றின்மீது சோதிப்பது கட்டாயம். உலோகச் சிதறல் மிகுந்து கருவி பயன்படாத நிலத்தில், மேல்மண்ணை முழுவதுமாகப் படிப்படியாக வாரி எடுக்கிறார்கள். வெயிலில், கனத்த பாதுகாப்பு உடையில், மண்டியிட்டுச் செய்கிற வேலை அது. பொய்க்குறிகளால் நாம் இழப்பது அரைமணி நேரம். அவர்கள் ஊர்களின் நிலம் மக்களுக்குத் திரும்பும் காலமே பொய்க்குறிகளால் தள்ளிப்போகிறது. பொய்க்குறியைக் குறைக்கும் ஒவ்வொரு பொறியியல் முன்னேற்றமும் ஒரு வயலை ஒரு பருவம் முன்னதாக உழவுக்குத் திருப்பித் தரும். இங்கே அமர்ந்திருக்கும் மின்னணுவியல் மாணவர்களிடம் நான் உரிமையோடு கேட்டுக்கொள்வது, இந்தத் துறையை ஒரு விளையாட்டுப் பொருளின் துறையாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தீர விசாரிப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் கருவி, அடுத்து சூழல், கடைசியில் நம் முடிவு. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிக் குறிப்பு. எந்த முடிவுக்கு வருவதற்கு முன்பும், ஒலிக்கக் கூடாத இடத்தில் ஒரு சோதனை. உங்கள் ஆய்வகத்தில் நாளைக்கே இந்த வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பின்பாயின்டர் மட்டுமல்ல, மல்டிமீட்டரும் இரத்த அழுத்தமானியும் வெப்பமானியும் என்றாவது ஒருநாள் உங்களைக் குழப்பும். அன்று கருவியைத் தூக்கிப் போடுவதற்கு முன்பும், அது சொன்னதை அப்படியே நம்புவதற்கு முன்பும், இந்த வரிசையை ஒருமுறை முழுதாக நடந்து பாருங்கள்.